நாற்பது நாள் திறக்காத கடிதம்

மடம், கிருஷ்ணகிரி
12 ஜனவரி 2025

அன்புத் தம்பி சில்வெஸ்டருக்கு,

குழந்தை இயேசுவின் சமாதானம் உன் வீட்டில் தங்கட்டும். நீயும் உன் வீட்டுக்காரி லீனாவும் நலமா? உன் முட்டி வலி தேவலையா? நான் சுகம். வழக்கமாக எழுதுகிற சுகம் இல்லை, இந்த முறை நிஜமாகவே சுகம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் உன் ஆட்கள் கிணற்றில் மாட்டிவிட்டுப் போன மோட்டார் சத்தமே இல்லாமல் ஓடுகிறது. எழுபது வயது சிஸ்டர் ஜூடித் முதல் நாள் குழாயைத் திறந்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். "வேடிக்கை பார்க்கவா மோட்டார் போட்டாங்க, மூடுங்க" என்று மதர் அதட்டிய பிறகுதான் அசைந்தார். பன்னிரண்டு பேருக்கு வேண்டிய தண்ணீரை இத்தனை வருடம் கயிற்றில் இழுத்த தோள்களில், ஆறு பேருக்காவது வலி போய்விட்டது. என்னுடையதும் அதில் ஒன்று.

மோட்டாரை வாங்கித் தந்த, உனக்குத் தெரிந்த பட்டறை முதலாளி நரேஷ் பெயரைத் தினமும் மாலை ஜெபத்தில் சொல்கிறோம். முன்பின் பார்க்காத, வெளியே வராத பெண்களுக்கு அவருக்கு ஏன் இவ்வளவு தாராளம்? கேட்டு எழுது.

உன் அக்கா,
சகோதரி ஆஞ்சலா

*

அடுகோடி, பெங்களூர்
27 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ மடத்துக்குப் போன நாளிலிருந்து அம்மாகூட உன்னை "வாங்க சிஸ்டர்" என்றுதான் கூப்பிட்டாள். எனக்கு மட்டும் அது வாயில் வரவே இல்லை, கோபிக்காதே.

மோட்டார் நன்றாக ஓடுவது சந்தோஷம். நரேஷுக்குக் கொடுக்கத் தோன்றியது, கொடுத்தார். அவர் பட்டறையில் சின்ன வேலை ஒன்று செய்து கொடுத்தேன், அந்த மகிழ்ச்சியாக இருக்கும். அவர் பெயரைத் தினமும் ஜெபத்தில் சொல்ல வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒரு தரம் போதும்.

எங்கள் தெருவில் இட்லிக்கடை வைத்திருக்கிற அல்போன்சாவைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறேன், ஞாபகம் இருக்கும். புருஷன் போன பிறகு ஒண்டியாகக் கடையை நடத்துகிறவள். தினமும் காலையில் எனக்கு நாலு இட்லி பொட்டலம் கட்டி வாசலில் மாட்டிவிட்டுப் போவாள், கேட்டால் "அண்ணனுக்குக் குடுக்கறதுக்கு என்ன கேள்வி" என்பாள். பாவம், ஒரு மாதமாக அவள் கை முழுக்கச் சொறியும் வெடிப்புமாக இருக்கிறது. அவளுக்காக வேண்டிக்கொள். அதைத் தினமும் வேண்டிக்கொள்.

தம்பி,
சில்வெஸ்டர்

*

மடம்
10 பிப்ரவரி 2025

அன்புத் தம்பிக்கு,

ஆண்டவர் உன் கைவேலையை ஆசீர்வதிப்பாராக. லீனாவுக்கு என் அன்பு. இங்கே பனி விட்டுவிட்டது, இருமலும் அதோடு போய்விட்டது.

ஜெபத்துக்கும் ரேஷன் வைக்க ஆரம்பித்துவிட்டாயா? ஒரு குழாய்க்கு எல்போ மாட்டினால்கூட எனக்கு நாலு பக்கம் எழுதுகிறவன் நீ. பைப்பின் அளவு, வீட்டுக்காரம்மாவின் கஞ்சத்தனம், நாய் கடிக்க வந்தது எல்லாம் இருக்கும். இந்தச் "சின்ன வேலை"க்கு மட்டும் ஒரு வரிதானா? என்ன வேலை அது?

அல்போன்சாவின் கையைப் பற்றி எழுதியதிலிருந்து மனசு கேட்கவில்லை. சோப்பு மாற்றிப் பார்க்கச் சொல்.

மார்ச் ஐந்தாம் தேதி திருநீற்றுப் புதன். உனக்குத் தெரியாததில்லை, தவக்காலத்தில் வருகிற கடிதங்கள் மதரின் மேஜைக்குள் போய்விடும், உயிர்ப்புத் திருநாள் அன்றுதான் கையில் கிடைக்கும். நாங்களும் எழுதுவதில்லை. அதனால் சொல்ல வேண்டியதை அதற்குள் எழுதிவிடு.

அக்கா

*

அடுகோடி
3 மார்ச் 2025

அக்காவுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உடம்பைப் பொறுத்தவரை நாங்களும் சுகம்.

அந்தச் சின்ன வேலையைக் கேட்டாய். நரேஷ் நடத்துவது குரோம் முலாம் பூசுகிற பட்டறை. முலாம் தொட்டியிலிருந்து எடுத்த சாமான்களைக் கழுவுகிற தண்ணீர் விஷம். அதை லாரியில் ஏற்றிச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும், சட்டம் அதுதான். பட்டறைக்குப் பின்னால் எழுநூறு அடி போர்வெல் ஒன்று தண்ணீர் குறைந்து பயன்படாமல் கிடக்கிறது. போன செப்டம்பரில் என்னைக் கூப்பிட்டு, "சில்வெஸ்டர், ஒந்து சின்ன கெலஸ, சின்ன வேலைதான். இந்த பைப்ப அந்த போர்ல சேத்துவிடு. எழுநூறு அடி கீழ யாரு போயி பாக்கப் போறாங்க?" என்றார்.

முடியாது என்றுதான் சொன்னேன் அக்கா. அப்போது அவர், "உங்கக்கா மடத்துல கயிறு இழுத்துத் தண்ணி எடுக்கறாங்கன்னு சொன்னியே, நான் மோட்டார் போட்டுத் தரேன்" என்றார். ஆகஸ்டில் உன்னைப் பார்க்க வந்தபோது மடத்துச் சந்திப்பு அறைக் கம்பிக்கு அந்தப் பக்கம் நீ கையை அங்கிக்குள் இழுத்துக்கொண்டாய். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். உள்ளங்கை முழுக்கக் கயிறு அறுத்த புண்.

ஒரே நாளில் வேலையை முடித்தேன். மேலே சிமெண்ட் மூடி போட்டு, மழைநீர் சேமிப்புக் குழி என்று கன்னடத்தில் பெயிண்டால் எழுதியதும் நான்தான். சோதனைக்கு வந்தவர்கள் பார்த்துவிட்டுப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

எங்கள் தெரு போர்வெல் அங்கிருந்து இரண்டு சந்து தள்ளி இருக்கிறது. காவிரித் தண்ணீர் வாரம் இரண்டு நாள்தான் வரும், மற்ற நாளெல்லாம் முப்பது வீட்டுக்கும் அந்த போர்தான். ஆனால் பூமிக்கடியில் எது எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? ஒன்றும் ஆகாமலும் போகலாம். நீ என்ன சொல்கிறாயோ அதன்படி செய்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
சில்வெஸ்டர்

*

அடுகோடி
26 மார்ச் 2025

அக்காவுக்கு,

சுகம் கேட்டு எழுதினாலும் நீ இப்போது படிக்கப் போவதில்லை. இதுவும் மதரின் மேஜைக்குள்தான் போகும். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

போன வாரத்திலிருந்து தெருவில் தண்ணீர் மஞ்சளாக வருகிறது. பக்கெட்டில் பிடித்தால் எலுமிச்சைச் சாறு கலந்த மாதிரி இருக்கிறது. தெருக்காரர்கள் யாரைக் கூப்பிடுவார்கள்? என்னைத்தான் கூப்பிட்டார்கள். டேங்க் மேல் ஏறினேன், மூடியைத் திறந்து பார்த்தேன், தலையைச் சொறிந்தேன். "கேசிங் பைப்பு பழசு, துரு கலக்குது. டேங்க்கைக் கழுவினா சரியாயிடும்" என்றேன்.

அல்போன்சா கீழே நின்று, "ஏண்ணா, துருன்னா செவப்பா இல்ல இருக்கும்?" என்றாள்.

"எல்லாத் துருவும் செவப்பா இருக்காது" என்றேன்.

அவள் நம்பிவிட்டாள். முப்பது வருடம் குழாய் வேலை செய்கிறவன் சொன்னால் நம்பத்தானே செய்வார்கள். அரை நாள் டேங்க்கைக் கழுவினேன், எல்லோரும் கைதட்டாத குறை. அவள் காபி போட்டுக் கொடுத்தாள். டம்ளரைப் பிடித்திருந்த விரல்களில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மெடிக்கலில் களிம்பு வாங்கிக் கொடுத்தேன். அதற்கும் நன்றி சொன்னாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன். என் சோறும் அந்தத் தண்ணீரில்தான் வேகிறது.

சில்வெஸ்டர்

*

அடுகோடி
19 ஏப்ரல் 2025, பெரிய சனி

அக்காவுக்கு,

நாளை உனக்கு உயிர்ப்புத் திருநாள், என் மூன்று கடிதமும் கையில் கிடைத்துவிடும். அதற்குள் நேற்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். இதைக் கொண்டுவருகிற டென்சில், லீனாவின் தம்பி, கிருஷ்ணகிரியில் பாஸ்கா வழிபாட்டுக்குப் போகிறான். கடிதத்தை நேரே மடத்து வாசலில் கொடுத்துவிடுவான்.

பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை முடிந்து வருகிறவர்களுக்கு எங்கள் தெருவில் கஞ்சி ஊற்றுவது வழக்கம். அல்போன்சாதான் காய்ச்சுவாள். நானூறு பேர் குடிப்பார்கள், பாதிப் பேர் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட வாயில் படாதவர்கள். டேங்க் கழுவிய பிறகு மஞ்சள் கொஞ்சம் மங்கியிருந்தது, மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. விடிந்ததும் நான் மோட்டார் பெட்டியைத் திறந்து ஃபியூஸ் கட்டைகள் மூன்றையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். டேங்க்கையும் திறந்துவிட்டேன்.

ஏழு மணிக்கு அவள் ஓடி வந்தாள். "அண்ணா, மோட்டார் ஓடல, டேங்க்லயும் சொட்டு இல்ல. சீக்கிரம் வந்து பாருண்ணா, மனசே பேஜாராயிடுச்சு." போய்ப் பார்த்தேன். பார்த்த மாதிரி நடித்தேன். மோட்டார் எரிந்துவிட்டது என்றேன். விவேக் நகரில் லீனாவின் அத்தை வீட்டுக் காவிரிக் குழாயிலிருந்து ஆட்டோவில் முப்பது குடம் கொண்டு வந்து சேர்த்தேன். "சில்வெஸ்டர் இல்லாட்டி இன்னிக்குக் கஞ்சியே இல்ல" என்று தெருவே சொன்னது.

பிற்பகல் கோயிலில் சிலுவையை முத்தமிடக் குனிந்தபோது பையிலிருந்த ஃபியூஸ் கட்டைகள் பீடத்துப் படியில் விழுந்தன. எல்லோரும் பார்த்தார்கள். குழாய்க்காரன் பையில் ஃபியூஸ் இருப்பதில் என்ன அதிசயம்? யாரும் எதுவும் நினைக்கவில்லை. பக்கத்திலிருந்தவர் பொறுக்கி என் கையிலேயே கொடுத்தார்.

சாயங்காலம் மோட்டாரைச் சரிசெய்கிற மாதிரி அவற்றைத் திரும்ப மாட்டினேன். வேறு என்ன செய்வது?

சில்வெஸ்டர்

*

மடம்
22 ஏப்ரல் 2025

சில்வெஸ்டருக்கு,

உயிர்த்த ஆண்டவர் உனக்குத் தைரியம் தரட்டும். லீனாவின் உடம்பைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அவளும் அந்தத் தண்ணீரைத்தானே குடிக்கிறாள்.

மூன்றையும் கிணற்றடியில் உட்கார்ந்து தேதி வரிசைப்படி படித்தேன். பிப்ரவரி பத்தாம் தேதி நான் எழுதியது பதின்மூன்றாம் தேதி உனக்குக் கிடைத்திருக்கும். பதினெட்டு நாள் சும்மா இருந்திருக்கிறாய். பிறகு, சரியாகத் திருநீற்றுப் புதனன்று மடத்து வாசலைத் தொடுகிற மாதிரி மூன்றாம் தேதி தபாலில் போட்டிருக்கிறாய். முப்பத்தொரு வருடமாக இந்த மடத்துச் சட்டம் தெரிந்தவன் நீ. வாய் திறக்க முடியாதவளைப் பார்த்து "நீ சொல்கிறபடி செய்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். எனக்கா எழுதினாய் அதை? இல்லை, நாற்பது நாள் தள்ளிப்போட உனக்கு ஒரு மேஜை இழுப்பறை வேண்டியிருந்தது.

உன்னைத் திட்டக் கை துடிக்கிறது, அழுகையும் வருகிறது. ஃபியூஸைப் பிடுங்கத் தெரிந்த கைக்குப் பைப்பைப் பிடுங்கத் தெரியவில்லையா?

பூமிக்கடியில் எது எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும் என்கிறாய். உனக்குமா தெரியாது?

பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன் என்று பதில் எழுதாதே. சாமியார் கொடுக்கிற மன்னிப்பால் அந்தத் தண்ணீர் தெளியாது. முதலில் அல்போன்சாவிடம் சொல். அன்றைக்கே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போ. அதன் பிறகு கோயிலுக்குப் போ.

ஆஞ்சலா

*

அடுகோடி
12 மே 2025

அக்காவுக்கு,

வெயில் கொளுத்துகிறது, அங்கேயும் அப்படித்தான் இருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கடிதம் கிடைத்தது. நான் சும்மா இல்லை. நரேஷிடம் போய் பைப்பை எடுத்துவிடலாம் என்றேன். "ஆய்த்து, மாடோணா" என்றார். ஆயிற்று, செய்யலாம் என்று இரண்டு வாரமாகச் சொல்கிறார். அங்கே வேலை செய்கிறவர்கள் ஏழு பேர். எங்கள் சந்து இளங்கோவன் அதில் ஒருத்தன், அவன் பெண்டாட்டிக்கு இது எட்டாம் மாதம். பட்டறையை மூடினால் அவன் எங்கே போவான்?

வாரிய அலுவலகத்துக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை வாசலோடு திரும்பிவிட்டேன். இரண்டாம் முறை உள்ளே போய் வருகைப் பதிவேட்டில் எழுதும்போது டென்சில் என்று மைத்துனன் பெயரை எழுதிவிட்டேன். எழுதியதைப் பார்த்ததும் எனக்கே பயம் வந்து, பேனாவை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அல்போன்சாவிடம் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னேன். கொதித்தால் போகிற விஷம் இல்லை அது. ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, அதனால் சொன்னேன்.

சில்வெஸ்டர்

*

மடம்
28 மே 2025

தம்பிக்கு,

சமாதானம் உண்டாகட்டும். நான் நன்றாக இருக்கிறேன்.

நீ எழுதியதையெல்லாம் மதரிடம் சொன்னேன். மதர் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். சிஸ்டர் ஜூடித் எழுந்துபோய், விறகு அறையிலிருந்து பழைய கயிற்றைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். மோட்டாரைக் கழற்றிச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டோம். நீ எப்போது வந்தாலும் எடுத்துப் போகலாம்.

இதை உன்னைத் தண்டிப்பதற்காகச் செய்யவில்லை. என் கணக்கும் ஒன்று இருக்கிறது, கேள். ஜனவரியில் ஒரு தரம் கேட்டேன், பிப்ரவரியில் ஒரு தரம் கேட்டேன். நீ மழுப்பியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது சில்வெஸ்டர். பதில் வந்தால் தோள் மறுபடி வலிக்கும் என்று எனக்குள் தெரிந்திருந்தது. அல்போன்சாவின் கையைப் பற்றி நீ எழுதியபோதே ஏதோ உறுத்தியது. சோப்பை மாற்றச் சொல்லி எழுதிவிட்டு, குழாயில் கை கழுவப் போனேன். என் கைக்காகத்தான் அவள் கை புண்ணானது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

இனி உன்னை வற்புறுத்த மாட்டேன்.

அக்கா

*

அடுகோடி
30 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தோள் எப்படி இருக்கிறது? லீனா உன்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னாள். அவளுக்கும் இப்போதுதான் எல்லாம் தெரியும்.

ஜூன் நாலாம் தேதி உன் கடிதம் வந்தது. படித்துவிட்டு நேரே அல்போன்சா கடைக்குப் போனேன். கூட்டம் முடிந்து பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்லாததையும் சொன்னேன். பன்னிரண்டு வருடம் முன்பு எங்கள் தெரு போர்வெல் தோண்டியபோது மேற்பார்வை நான்தான். அறுநூற்று ஐம்பது அடியில் கறுப்புக் கல் உடைந்து தண்ணீர் பீறிட்ட அதே நாளில், நரேஷ் பட்டறை போரில் தண்ணீர் கலங்கி வந்தது. இரண்டுக்கும் அடியில் ஒரே வெடிப்பு. அது தெரிந்த ஒரே ஆள் நான். தெரிந்துதான் பைப்பைச் சேர்த்தேன்.

அவள் கத்துவாள், விளக்குமாற்றை எடுப்பாள் என்று நினைத்தேன். "பெரிய வெள்ளிக் கஞ்சி?" என்று மட்டும் கேட்டாள். ஃபியூஸ் விஷயத்தைச் சொன்னேன். அதைக் கேட்டால் கொஞ்சம் ஆறுவாள் என்று ஒரு நப்பாசை. கை கழுவக் குழாய்ப் பக்கம் போனவள், குழாயைப் பார்த்து நின்றாள். பிறகு புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கே வாரியத்தில் என் சொந்தப் பெயரில் எழுதிக் கொடுத்தேன். நாலு நாளில் வந்து மூடியை உடைத்தார்கள். நான் கன்னடத்தில் எழுதியது இரண்டு துண்டாக விழுந்தது. பட்டறைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். நரேஷ் மேலும் என் மேலும் வழக்கு. தெரு போர்வெல்லின் வாயை அடைத்துச் சிவப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். எத்தனை வருடத்தில் சரியாகும் என்று அதிகாரியம்மாவிடம் கேட்டேன். "உள்ளே விடறதுக்கு உங்களுக்கு ஒரு நாள் போதும். வெளியே எடுக்கறதுக்கு எனக்குக் கணக்குச் சொல்லத் தெரியல" என்றார்.

இளங்கோவன் இப்போது ஓசூரில் வேலை தேடுகிறான். என்னைக் கண்டால் சந்தின் அந்த ஓரம் போகிறான். இட்லிப் பொட்டலம் மறுநாளே நின்றுவிட்டது. தெருவுக்கு இப்போது டேங்கர் வருகிறது. அல்போன்சா கையால் குடம் தூக்க முடியாது என்பதால், அத்தை வீட்டுக் காவிரித் தண்ணீரைத் தினமும் காலையில் நான் கொண்டுபோய் அவள் வாசலில் வைக்கிறேன். எடுத்துக்கொள்கிறாள்.

தம்பி,
சில்வெஸ்டர்

*

அடுகோடி
3 ஆகஸ்ட் 2025

சிஸ்டருக்கு அல்போன்சா தோத்திரம் சொல்லி எழுதிக்கறது.

நீங்க சுகமா? நீங்க எனக்கு மன்னிப்புக் கேட்டு எழுதின கடுதாசி வந்துச்சு. நான் ஏழாங்கிளாஸ்தான், தப்பிருந்தா பொறுத்துக்கங்க. என் கை இப்ப கொஞ்சம் காயுது. ஆஸ்பத்திரில ரத்தம் எடுத்திருக்காங்க, தெருவுல எல்லாருக்கும் எடுத்திருக்காங்க. உள்ள என்ன ஆயிருக்குன்னு போகப் போகத்தான் தெரியும்னாங்க.

உங்க மேல எனக்குக் கோவம் இல்ல சிஸ்டர். கயித்த விட்டுட்டு மோட்டார மாட்டிக்கங்க. நீங்க கஷ்டப்படறதால என் கை ஆறப்போறதில்ல.

அண்ணன மன்னிச்சிட்டியான்னு கேட்டிருக்கீங்க. மன்னிச்சிட்டேன்னு எழுதினா பொய். அவரு எல்லாம் சொன்னப்பகூட எனக்கு அவ்வளவு வலிக்கல. பெரிய வெள்ளிக்கு ஃபியூஸ எடுத்தேன்னு சொன்னாரு பாருங்க, அதுதான் நெஞ்சுல குத்திச்சு. கோயிலுக்கு வந்தவங்க வாயில அந்தத் தண்ணி போகக் கூடாதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. சாயங்காலமே மறுபடி மாட்டிட்டாரே. அப்ப மத்த நாள் குடிச்ச நாங்கல்லாம் யாரு? அவருக்கு நான் நாலு இட்லி வச்சது எல்லாமே அந்தத் தண்ணில அரைச்ச மாவுதான். வேணாம்னு ஒரு நாள் சொல்லல, அதையும் தின்னாரு.

தினம் ரெண்டு குடம் கொண்டு வந்து வைக்கறாரு. அது நல்ல தண்ணின்னு எனக்குத் தெரியும். ஆனாலும் நான் ஒரு டம்ளர் மொண்டு அவர்கிட்ட நீட்டறேன். அவரு குடிச்சதும்தான் குடத்த உள்ள எடுக்கறேன். முத நாள் நீட்டினப்ப அவரு பாதி குடிச்சிட்டு டம்ளரக் கீழ வச்சிட்டாரு. திரும்ப மொண்டு குடுத்தேன். இப்பெல்லாம் முழுசா வாங்கிக் குடிச்சிட்டு, டம்ளரக் கவுத்து வச்சிட்டுப் போறாரு. இத உங்களுக்கு அவரு எழுதியிருக்க மாட்டாரு.

நான் போதும்னு சொல்ற வரைக்கும் குடிப்பாரு போலிருக்கு. எப்ப சொல்லுவேன்னு எனக்கே தெரியல சிஸ்டர். அதுக்காக வேண்டிக்கங்க.

இப்படிக்கு,
அல்போன்சா